கிளைவழிப் பாடங்களும் அவற்றின் எல்லையும்

மேட்டுப்பாளையத்தினின்று உதகைக்கு ஏறுவோர்க்கு வழிகள் மூன்று உள. ஒன்று புகைவண்டி வழி. 1899ஆம் ஆண்டிற் குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டில் உதகை வரையிலும் திறக்கப்பெற்ற அப்பாதையில், கல்லாறு கடந்ததும் எஞ்சினின் பற்சக்கரம் தண்டவாளங்களின் நடுவேயுள்ள பல்லமைந்த தண்டைக் கவ்விக்கொள்ளும்; அதன்பின் பயணி விரும்பினும் வலமோ இடமோ திரும்புதல் இயலாது. மற்றை இரண்டும் சாலைகள். பர்லியாறு, குன்னூர் வழியே செல்வது ஒன்று; கோத்தகிரி வழியே செல்வது மற்றொன்று. எவ்வழிச் செல்லினும் சென்று சேரும் ஊர் ஒன்றே. ஆயினும் குன்னூர் வழியே வந்தவன் கண்டது வேறு, கோத்தகிரி வழியே வந்தவன் கண்டது வேறு. உதகையில் இருவரையும் எதிர்கொள்ளும் நண்பர், ‘எவ்வழி வந்தீர்?’ என்று கேட்டறிந்து அதற்கேற்பப் பேசுவார்.

கணிப்பொறி வாயிலாகப் பாடம் புகட்டுவோர் இந்நாளிற் பெரிதும் கையாளும் ‘கிளைவழிப் பாடம்’ என்பதன் இயல்பை விளக்கப் புகுந்த யாம் இம்மலை வழிகளை முதற்கண் நினைத்தமைக்குக் காரணமுண்டு. அந்நண்பர் கேட்கும் அவ்வொரு கேள்வியைக் கேட்க மாட்டாமையே இப்பாடங்களின் பெருங்குறை என்பது எமது அனுபவத்திற் கண்டது.

கிளைவழிப் பாடமாவது, கற்போன் முன் ஒரு நிகழ்ச்சியை வைத்து, ‘நீர் இப்பொழுது யாது செய்வீர்?’ என்று வினவி, மூன்று நான்கு விடைகளைப் பொத்தான்களாகக் காட்டி, அவன் எதனை அமுக்குகின்றானோ அதற்கேற்ற பக்கத்திற்கு அவனைக் கொண்டு செல்வது. இத்தகைய பாடங்களைப் புனைதற்கென்றே மென்பொருட் கருவிகள் பல தோன்றியுள்ளன. ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன், அடோபி கேப்டிவேட், எச்5பி என்பன அவற்றுட் சில. கதை சொல்லுதற்கென 2009இல் வெளிவந்த ட்வைன் என்பதனையும் ஆசிரியர் பலர் இதற்குப் பயன்படுத்துகின்றனர். நிரல் எழுதத் தெரியாத உபாத்தியாயரும் பெட்டிகளை வரைந்து அம்புக்குறிகளால் இணைத்தாற் போதும், பாடம் எழுந்து நிற்கும்.

கருவிகள் புதியனவேயன்றிக் கருத்துப் புதிதன்று. அமெரிக்க ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்துச் சிட்னி பிரெஸ்ஸி என்பார், விடைகளுள் ஒன்றை விசையால் அமுக்கித் தேர்தற்குரிய சிறு பொறியொன்றனை 1926ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பின்னர் ஹார்வார்டிற் பேராசிரியராயிருந்த ஸ்கின்னர், பாடத்தை மிகச் சிறு படிகளாக்கி, மாணாக்கர் அனைவரையும் ஒரே வழியில், பிழை நேராவண்ணம், மெல்ல ஏற்றிச் செல்லவேண்டும் என்றார். அது நம் மலைப் புகைவண்டியே போல்வது. நார்மன் க்ரௌடர் என்பாரோ, அமெரிக்க வான்படையினர்க்குக் கருவிகளிற் பழுது கண்டறியப் பயிற்றியவர். பிழை செய்பவன் ஏன் பிழைத்தான் என்பதறிந்து அவனுக்கு மட்டும் உரிய விளக்கத்தைத் தருதலே நெறியெனக் கொண்டார். அவர் வகுத்த புத்தகங்களிற் பக்கங்கள் வரிசையாக ஓடா. ஒரு விடையைத் தேர்ந்தவன் ஒரு பக்கத்திற்கும், வேறு விடையைத் தேர்ந்தவன் வேறு பக்கத்திற்கும் புரட்டிச் செல்வான். இன்றைய கிளைவழிப் பாடத்திற்கு நேர்முன்னோர் இவரே.

ஸ்கின்னர் 1958இல் எழுதிய கட்டுரையில் ஒரு நுட்பமான தடையை எழுப்பியிருந்தார். மாணாக்கன் விடையைத் தானே ஆக்கவேண்டும், காட்டப்பட்டவற்றுள் ஒன்றைப் பொறுக்குதல் போதாது. கண்டால் அறிதல் வேறு, காணாமலே நினைவிற் கொணர்தல் வேறு என்பது அது. இத்தடையின் முழு வலிமையும் குன்னூர்த் தோட்டமொன்றில் யாம் பட்டபின்னரே விளங்கிற்று.

அவ்வரலாறு வருமாறு. நம் கல்லூரித் தொண்டர் குழுவினருள் யாமும் சேர்ந்து, தேயிலைத் தோட்டங்களில் லைன் வீடுகளில் வாழ்வோர்க்கு, வெறிநாய்க்கடி குறித்து ஒரு கிளைவழிப் பாடம் புனைய முற்பட்டோம். அம்மலைக்கு இப்பொருள் அயலானதன்று. தென்னிந்தியாவிற் கடியுண்டோர் நெடுந்தொலைவு கடந்து இமயச் சாரலிலுள்ள கசௌலிக்குச் செல்ல வேண்டியிருந்த இடர் நீங்க, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907ஆம் ஆண்டிற் குன்னூரிற் பாஸ்டர் நிலையம் நிறுவப்பெற்றது. நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் ஏறக்குறைய இல்லையென்னும்படியான கொடுநோய் அது. குறி தோன்றுமுன் உரியன செய்தால் முற்றும் தடுக்கத்தக்கதும் அதுவே. ஆகவே பாடத்தில் நேரும் பிழை வெறும் மதிப்பெண் குறைவோடு ஒழிவதன்று.

செய்யவேண்டுவன சிலவே. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுதல். மிளகாய், சுண்ணாம்பு முதலியவற்றை அப்பாதிருத்தல். அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்குதல். தோலைத் துளைத்த கடியாயின் காயத்தினுள்ளும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் செலுத்துவித்தல். குறித்த நாள்களில் தவறாது மீண்டும் செல்லுதல். நாயைப் பத்து நாள் கவனித்தல் நன்றே. ஆனால் அதன் முடிவு தெரியட்டுமென்று ஊசியை நிறுத்தி வைத்தல் ஆகாது. இவ்வளவையும் ஐந்து வினாக்களாக்கி, வினாவொன்றற்கு மூன்று விடைகள் வைத்தோம்.

இங்கேதான் கணக்கு எம்மை மருட்டிற்று. ஒவ்வொரு விடையும் உண்மையாகவே தனக்குரிய வழியிற் சென்றால், முதல் வினாப்பக்கம் ஒன்று, அடுத்தவை மூன்று, பின்னர் ஒன்பது, இருபத்தேழு, எண்பத்தொன்று. இறுதியில் முடிவுகள் 243. ஆகப் பக்கங்கள் 364! பக்கமொன்றை எழுதிப் படமிட்டுக் குரல் பதிய ஒரு மணி நேரமே எனினும், நாடோறும் ஆறு மணி உழைத்தால் அறுபது நாளுக்கு மேல் வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவற்றை எவரும் என்றும் காணப்போவதில்லை.

ஆகவே உலகத்துப் பாடம் புனைவோர் அனைவரும் செய்வதையே யாமும் செய்தோம். கிளைகளை மடித்துச் சேர்த்தோம். எவ்விடையைத் தேரினும் ஒரு விளைவுப் பக்கம் காட்டி, பின் எல்லாரையும் ஒரே அடுத்த வினாவிற்குக் கொண்டு வந்துவிடுவது. வினாப்பக்கம் ஐந்து, விளைவுப்பக்கம் பதினைந்து, முடிவு ஒன்று, ஆக 21. கோத்தகிரி வழியோ குன்னூர் வழியோ, உதகை ஒன்றே ஆயிற்று. எமக்கு மகிழ்ச்சி, ஆனால் பாடத்தின் உயிர் அங்கேயே பாதி போயிற்று. பரமபத விளையாட்டிற் பாம்பு கடித்தவன் கீழே இறங்கி, ஏறிவந்த கட்டங்களையெல்லாம் மீண்டும் ஏறவேண்டும். ஆதலின் சிறுவரும் பாம்பை அஞ்சுகின்றனர். எமது பாடத்திலோ, பிழைத்தவன் ‘தவறு’ என்னும் சிவப்பெழுத்தைக் கண்டு, சரியாகச் செய்தவனோடு அதே படியிற் போய் நின்றான்.

மடித்த பாடத்திற்கு மறதியும் உண்டு. முதல் வினாவிற் காயத்தின்மேல் மிளகாய்ப் பொடி அப்புவதாக விடையளித்தவனை, மூன்றாம் வினாவில் எமது கதைச் செவிலி எதிர்கொண்டு, ‘நீர் காயத்தை நன்கு கழுவி வந்தமை நன்று’ என்று பாராட்டினாள்! யாம் எழுதிய வாசகமே. கழுவி வந்தவனை மட்டும் மனத்திற்கொண்டு எழுதியது. இதனை நீக்குதற்கு ஸ்டோரிலைன் முதலிய கருவிகளில் ‘மாறி’ என்னும் ஏற்பாடு உண்டு. கழுவினானா, ஆம் அல்லது இல்லை என்று குறித்து வைத்துப் பின்னர் வாசகத்தை மாற்றலாம். ஆயினும் இவ்வாறு இருமதிப்புள்ள மாறிகள் ஐந்தாயின், கற்போன் இருக்கக்கூடிய நிலைமைகள் 32. ஒவ்வொரு பக்கமும் அம்முப்பத்திரண்டிலும் பொருந்துகின்றதா என்று சோதித்தல் யார் பணி? பெட்டியும் அம்பும் வரைந்தாற் போதும் என்று எளிதாகத் தொடங்கிய வேலை, நிரல் எழுதுவோனுடைய வேலையாகவே முடிகின்றது. அம்புக்குறிகளாவது கண்ணுக்குத் தெரியும். மாறிகளோ படத்திற் காணப்படா.

பாடத்தைக் கல்வி நிலையத்தின் தளத்திலேற்றும்பொழுது வேறொரு தடையும் உண்டு. அதனைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். 2001இல் வகுக்கப்பெற்று இன்னும் பலவிடங்களிற் புழங்கும் ஸ்கார்ம் 1.2 என்னும் விதிமுறைப்படி, கற்போன் இடையில் நிறுத்திச் சென்றால் அவன் நிலையைக் குறித்து வைத்தற்குக் கிடைக்கும் இடம் 4096 எழுத்துக்களே. நீண்ட கிளைப்பாடத்தில் அவ்விடம் நிரம்பிவிட்டால், திரும்பி வருபவன் தான் விட்ட இடத்தைக் காணான். ஆசிரியர்க்குக் கிடைப்பதும் பெரும்பாலும் முடித்தான், இத்தனை மதிப்பெண் பெற்றான் என்பதே. வந்த வழி தெரியாது. 2013இல் வந்த எக்ஸ்ஏபிஐ என்னும் முறை ஒவ்வோர் அமுக்கலையும் பதிவு செய்ய வல்லது. ஆயினும் அதுவும் பதிவது அமுக்கலையே.

இனி, காலம். இஃது எம்மை மிகவும் வருத்திய குறை. வெறிநாய்க்கடி நோய் கடித்த அன்றோ மறுநாளோ தோன்றுவதன்று. இரண்டு மூன்று மாதம் கழிந்து தோன்றுதல் பெரும்பான்மை. சிலர்க்கு ஓராண்டின் பின்னும் தோன்றும். ஊசி போடாதவன் அடுத்த நாள் கொழுந்து பறிக்கச் செல்கின்றான், அடுத்த வாரமும் செல்கின்றான், ஒன்றுமில்லை. ‘பார்த்தீர்களா, மிளகாய்ப் பொடியே போதும்’ என்று அயலார்க்கும் சொல்கின்றான். இந்நோயின் வஞ்சனை முழுவதும் அவ்வமைதியிலேயே உள்ளது. கிளைவழிப் பாடமோ விளைவை அடுத்த பக்கத்திலேயே வைக்கவேண்டும். அமுக்கிய விரல் எடுக்குமுன் தண்டனை வந்துவிடும். ‘இரண்டு மாதத்திற்குப் பின்’ என்று எழுதி ஒரு பக்கம் வைத்தோம். எழுதிய எமக்கே அது பொருந்தாது தோன்றிற்று. அறுபது நாள் நலமாக இருத்தலால் விளையும் பொய்த் துணிவை அரை நொடியிற் கற்பிப்பது எங்ஙனம்?

பாடம் ஒருவாறு முடிந்து, தோட்டத்து மக்கட்குக் காட்டும் நாள் வந்தது. முதலில் அதனை வென்றவன் பள்ளிச் சிறுவன் ஒருவன். ஐந்து வினாக்கட்கும் ஒன்றும் படியாமலே சரியான விடையை அமுக்கினான். எங்ஙனம் என்று கேட்டோம். ‘எது ரொம்ப நீளமோ அதுதான் சார் சரி’ என்றான். உண்மையே! தவறான விடைகளை ஒரு சொல்லில் முடித்துவிட்டு, சரியானதனை மட்டும் யாதொரு நுட்பமும் விடாமல் யாம் நீட்டி எழுதியிருந்தோம். பரீட்சை வினாத்தாள் வகுக்கும் எம் ஆசிரியப் பெருமக்களும் இதனைச் சற்றே நோக்குவாராக.

நீளத்தைச் சமன்செய்தோம். ஆயினும் ஸ்கின்னருடைய தடை நீங்கவில்லை. ‘சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதல்’ என்பது திரையில் எழுதப்பட்டிருக்கும்பொழுது அதனைத் தேராதார் யார்? குழந்தையின் காலிற் குருதி வழிய, வீட்டார் அலற, எதிரே பொத்தான் ஒன்றும் இல்லாத வேளையில் அது நினைவுக்கு வருமா என்பதன்றோ வினா? அவ்வினாவை எமது பாடம் ஒருகாலும் கேட்கவில்லை.

இரண்டாவது வந்தோர் பெண்கள் இருவர். மருத்துவமனைக்குச் செல்வீரா என்னும் வினாவிற்கு இருவரும் ‘இப்போது வேண்டா, பார்க்கலாம்’ என்னும் விடையையே அமுக்கினர். பாடம் இருவரையும் ஒரே பக்கத்திற்கு அனுப்பி, நோயின் கொடுமையை விளக்கிற்று. யாம் அருகிருந்து காரணம் கேட்டோம். மூத்தவர், தம் இளமையிற் கண்டதைச் சொன்னார்: கடிபட்டவர்க்கு வயிற்றில் நாடோறும் ஊசி குத்திய காலம் அது. டேவிட் செம்பிள் 1911இற் கசௌலியில் ஆக்கிய நரம்புத்திசு மருந்தே அங்ஙனம் செலுத்தப்பட்டு வந்தது. இந்தியாவில் அது 2005ஆம் ஆண்டளவில் ஒழிந்தது. இப்பொழுது அரசு மருத்துவமனைகளிற் கையில் தோலினுள் இடுவது; 0, 3, 7, 28 என நான்கே நாள். அச்செய்தி அவர்க்குத் தெரியாது. இளையவர்க்கோ ஊசியைப் பற்றி அச்சமே இல்லை. ஒரு நாள் பேர் போடாவிட்டால் ஒரு நாட் கூலி போயிற்று, நான்கு நாளென்றால் நான்கு நாட் கூலி என்பதே அவர் கணக்கு. நோயின் கொடுமையை அவ்விருவரும் எம்மினும் நன்கு அறிவர். மூத்தவர்க்கு வேண்டியது ஊசி மாறிய செய்தி. இளையவர்க்கு வேண்டியது கூலிக்கு ஒரு வழி. பாடம் இரண்டையும் தரவில்லை. தவறான விடையே அதன் காரணத்தைக் காட்டிவிடும் என்று க்ரௌடர் கொண்ட துணிபு, எண்கணிதத்திற்கும் மின்கருவிப் பழுதிற்கும் ஒருவாறு பொருந்தலாம். மனிதர் வாழ்க்கையில் ஒரே செயலுக்குப் பத்துக் காரணங்கள்; பாடம் காண்பது செயலை மட்டுமே.

இறுதியில் வந்தவர், கொழுந்து பறிப்போரை மேற்பார்க்கும் ஓர் அம்மையார். முதற்பக்கத்திலேயே நின்றுவிட்டார். ‘தம்பி, எங்கள் லைனில் மாலையானால் குழாயில் தண்ணீர் வராதே, நாய் கடிப்பது எல்லாம் இருட்டினபிறகுதான். அப்போது நான் எதை அமுக்க வேண்டும்?’ என்றார். எம்மிடத்தில் விடையில்லை. மூன்று பொத்தான்களிலும் அது இல்லை. யாம் விடுதி அறையிலிருந்து பாடம் எழுதியவர்கள். எமது குழாயில் நீர் வந்தது.

வெல்லிங்டன் அருகிலிருந்தமையாற் போலும், அன்று மாலை எம்முள் ஒருவர் போர்ப்பயிற்சி விளையாட்டின் வரலாற்றை எடுத்துரைத்தார். (படைத்துறை அதிகாரிகட்கான பணியாளர் கல்லூரி 1947 முதல் அங்கே உள்ளதை அன்பர்கள் அறிவர்.) பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட அவ்விளையாட்டில், பகடையும் அட்டவணையும் விதிகளும் மலிந்திருந்தன. விதிகள் பெருகப் பெருக ஆடுவார் அருகினர். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி அவ்வட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவர் ஒருவர் அமர்ந்து, ஆடுவோர் சொல்லும் எந்த நடவடிக்கைக்கும் தம் அறிவால் விளைவு கூறினாற் போதும் என்றார். எவரும் முன்னரே எழுதி வைக்காத ஒரு செயலை ஆடுவோன் சொன்னாலும் நடுவர் திகைப்பதில்லை. அம்மையார் கேட்ட கேள்விக்கு வேண்டியிருந்தவர் அத்தகைய நடுவரே.

2022ஆம் ஆண்டின் இறுதி முதல் பரவிவரும் உரையாடு பொறிகளை அந்நடுவராக அமர்த்தலாமே என்று இக்காலத்தார் கேட்பர். எதைச் சொன்னாலும் அவை மறுமொழி கூறுகின்றன என்பது மெய். ஆனால் உயிருக்கு இறுதியான மருத்துவப் பொருளில், யாரும் முன்னரே படித்துச் சரிபார்க்க இயலாத விடையைக் கடிபட்டவன் கையிற் கொடுக்க எமக்கு மனம் துணியவில்லை. கிளைவழிப் பாடத்தின் குறுகிய தன்மையே அதன் காப்பும் ஆகின்றது. அது சொல்லக்கூடியவை அனைத்தையும் ஒரு மருத்துவர் ஒரு மாலைப்பொழுதிற் படித்துக் கையெழுத்திட முடியும்.

நிற்க, யாம் செய்தது இது. ஒவ்வொரு வினாவிலும் விடைகளைக் காட்டுமுன் ஒரு வெறும் திரையை வைத்தோம். கற்போர் தாம் செய்வதை வாயாற் சொல்லிப் பதியவேண்டும், அதன் பின்னரே பொத்தான்கள் தோன்றும். நான்காவதாக ஒரு பொத்தானும் சேர்த்தோம்: ‘இவற்றுள் எதுவும் எங்கள் இடத்திற் செல்லாது’ என்பது. அதனை அமுக்குவோர் காரணத்தையும் சொல்வர். அவை ஓரிடத்திற் சேர்க்கப்பட்டு, வாரம் ஒருமுறை ஒரு செவிலியார் லைனில் வந்தமர்ந்து, அக்குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்பித்து, கூடியிருப்போரோடு பேசுகின்றார். பாடம் பாதி கணிப்பொறியிலும் பாதி திண்ணையிலும் நடக்கின்றது.

முதற் கூட்டத்திலேயே தண்ணீர்க் கேள்வி வந்தது. செவிலியார் மறுமொழி சொல்லுமுன் அங்கிருந்த கிழவியார் ஒருவர், மாலையிற் குழாய் நிற்குமுன் இரண்டு குடம் பிடித்து மூடி, மேலே ஒரு சோப்புத் துண்டையும் வைத்துவிட்டால் ஆயிற்று என்றார். சேமித்த நீரைக் குவளையால் மொண்டு விடாது ஊற்றிக் கழுவுதல் தகும் என்று செவிலியாரும் ஒப்பினார். அவ்விடையை இப்பொழுது பாடத்தின் முதற்பக்கத்திற் சேர்த்திருக்கின்றோம். கிழவியாரின் குரலிலேயே உள்ளது. கூலியைப் பற்றிய பக்கம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.